சட்டைப் பையில் ஒரு டைனோசர்!

நாற்பது வயதில் பொம்மை சேர்ப்பது நோயா, பொழுதுபோக்கா? வீட்டில் கைக்குழந்தை இருந்தால் என்ன செய்வது?

துணி துவைக்கப் போடும் முன் சட்டைப் பையைத் துழாவிப் பார்ப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். பஸ் டிக்கெட் இருக்கும், மடித்து வைத்த பத்து ரூபாய் இருக்கும், மெடிக்கல் ஷாப் பில் இருக்கும். எனக்குத் தெரிந்த அந்த மதுரைப் பெண்மணிக்குக் கிடைத்ததோ, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பச்சை டைனோசர்!

"பாப்பாவுக்கா வாங்கினீங்க?" என்று கேட்டிருக்கிறார். கணவர் தயங்கித் தயங்கி, "இல்ல... எனக்குத்தான்" என்றிருக்கிறார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆபீஸ் மேஜை டிராயரில் இன்னும் முப்பத்தேழு டைனோசர்கள் குடியிருந்தன!

கணவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வங்கியில் பொறுப்பான வேலை. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. "இவருக்கு ஏதாவது ஆயிடுச்சா? டாக்டர்கிட்ட காட்டணுமா?" என்று அந்தப் பெண்மணி என்னிடம் கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை. முகத்தில் நிஜமான கவலை. கூடவே இன்னொன்றும் சொன்னார்: "வீட்ல ஒன்றரை வயசுக் குழந்தை இருக்கு. கைல கிடைச்சதெல்லாம் வாய்க்குத்தான் போகுது."

இரண்டுமே நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் நிம்மதி தரும். இரண்டாவது கேள்விக்கான பதிலைத் தயவுசெய்து ஒரு வரி விடாமல் படியுங்கள்.

அப்பா வாங்கித் தந்தது

அந்தக் கணவரிடம் பேசிப் பார்த்தேன். 1993-ல் அமெரிக்காவில் வெளியான 'ஜுராசிக் பார்க்' மறு வருடம் நம் ஊருக்கு வந்தபோது அவருக்குப் பத்து வயது. படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், தியேட்டர் வாசலில் தரையில் கடை விரித்திருந்தவரிடம் அவருடைய அப்பா ஒரு பச்சை டைனோசர் வாங்கிக் கொடுத்தாராம். கங்காரு மாதிரி நிமிர்ந்து, வாலைத் தரையில் ஊன்றி நிற்கும் பொம்மை. பரீட்சைக்குப் போகும்போதுகூட டிராயர் பாக்கெட்டில் அது இருக்கும். அப்பாவுக்கு மாற்றலாகி வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்து போனது. அப்பா இறந்து இப்போது ஆறு வருடம் ஆகிறது.

"அதே அச்சுல ஒண்ணு கிடைக்குதான்னு தேடிக்கிட்டே இருந்தேன். தேடறப்போ மத்ததெல்லாம் சேர்ந்துடுச்சு. போன வாரம்தான் அது கிடைச்சது" என்றார். மனைவியின் கையில் சிக்கியது அந்த டைனோசர்தான்.

இப்போது சொல்லுங்கள், இது வியாதியா?

ஏக்கம் வியாதியாக இருந்த காலம்

ஒரு காலத்தில் 'ஆமாம், வியாதிதான்' என்று மருத்துவர்களே சொல்லியிருக்கிறார்கள்! 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஓர் ஆய்வேடு எழுதினார். ஊரைவிட்டு வெளியே போன இளைஞர்கள் வீட்டு நினைவில் இளைத்து, தூக்கம் கெட்டு, காய்ச்சலில் விழுவதை அதில் விவரித்தார். அதற்கு ஒரு பெயரும் சூட்டினார்: 'நாஸ்டால்ஜியா'. வீடு திரும்புதல், வலி என்ற அர்த்தமுள்ள இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து அவர் செய்த சொல் அது.

அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்களுக்கு இந்த 'நோய்' அதிகம் என்று பேசப்பட்டது. சின்ன வயசிலிருந்து மாட்டு மணிச் சத்தம் கேட்டுக் கேட்டு அவர்களின் காதும் மூளையும் கெட்டுப்போனதுதான் காரணம் என்றுகூட சில ராணுவ மருத்துவர்கள் விளக்கம் சொன்னார்கள். நம்ம ஊர்க்காரர்கள் யாராவது அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்!

இந்தப் பார்வை மாறுவதற்கு நெடுங்காலம் ஆனது. 1999 வாக்கில் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துக்கு வேலை மாறி வந்தார் கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் என்ற உளவியல் பேராசிரியர். பழைய ஊரும் நண்பர்களும் அடிக்கடி நினைவுக்கு வருவதாக மதியச் சாப்பாட்டு வேளையில் சக பேராசிரியர் ஒருவரிடம் சொன்னார். அவரோ மனநோய் நிபுணர். "உங்களுக்கு மனச்சோர்வு வந்திருக்கிறது" என்கிற மாதிரி பேசினாராம். செடிகிடிஸுக்கு அது சரியாகப் படவில்லை. பழசை நினைத்தால் தனக்குத் தெம்புதானே வருகிறது என்று யோசித்தார். அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார்.

அவரும் டிம் வில்ட்ஷட் முதலானோரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் முக்கியமானது. மனசு வாடியிருக்கும்போதும், தனிமையாக உணரும்போதும்தான் பழைய நினைவு அதிகம் வருகிறது. வந்தபின், 'நமக்கும் நாலு பேர் இருக்கிறார்கள்' என்ற எண்ணம் வலுப்படுகிறது. தன்மீதே ஒரு மதிப்பும் கூடுகிறது. அந்த நினைவுகளில் பெரும்பாலும் மையமாக இருப்பது பொருட்கள் அல்ல, மனிதர்கள்.

நம் வங்கிக்காரர் விஷயமும் அதுதானே? அவர் தேடியது பிளாஸ்டிக்கையா? தியேட்டர் வாசலில் குனிந்து, பர்ஸைத் திறந்து சில்லறை எண்ணிய அப்பாவை அல்லவா!

குழந்தையின் கந்தல் போர்வை

பொம்மைக்கும் மனசுக்கும் உள்ள உறவை இன்னொருவரும் அழகாகச் சொல்லியிருக்கிறார். பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் மனப்பகுப்பாய்வாளருமான டொனால்டு வின்னிகாட். சில குழந்தைகள் ஒரு பழைய துண்டையோ, காது பிய்ந்த கரடி பொம்மையையோ விடவே விடாது. துவைக்கக்கூடக் கொடுக்காது. தூங்கும்போது பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். அம்மா அருகில் இல்லாத நேரத்தில், அம்மா தந்த நிம்மதியைத் தாங்கி நிற்கும் பொருள் அது என்று 1950களின் தொடக்கத்தில் வின்னிகாட் விளக்கினார். அது வளர்ச்சியின் ஓர் இயல்பான படி. கெட்ட பழக்கம் கிடையாது.

அதனால், "அழுக்குத் துண்டு, நாத்தம் புடிச்சது" என்று குழந்தை தூங்கும்போது ரகசியமாக அதைத் தூக்கி எறியாதீர்கள். துவைத்துக் காயவைத்து அதையே கொடுங்கள்.

டைனோசர்மேல் ஏன் இத்தனை ஆசை?

மூன்று வயதுப் பையன் 'டிரைசெராடாப்ஸ்' என்று பிழையில்லாமல் சொல்வான். பக்கத்து வீட்டு மாமா பெயர் ஞாபகம் இருக்காது! 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்குச் சிறு வயதிலேயே ஏதாவது ஒன்றின்மேல் அலாதியான பிடிப்பு இருப்பதாகச் சொன்னது. ரயில், கார், டைனோசர்... இப்படி. ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம் காணப்பட்டது. பயப்பட ஒன்றுமில்லை. பெயர்களை நினைவில் வைப்பது, வகை பிரிப்பது, 'இது ஏன் இப்படி?' என்று கேட்பது எல்லாமே இதிலிருந்து கிளைக்கும் திறமைகள்தான்.

குட்டி டைனோசர்களின் கதை நாம் நினைப்பதைவிடப் பழசு. 'டைனோசர்' என்ற வகைக்குப் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்டு ஓவன், ஆண்டு 1842. பன்னிரண்டே வருடத்தில், 1854-ல், லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் ஆளுயரத்தைத் தாண்டிய டைனோசர் சிலைகள் எழுந்து நின்றன. செய்தவர் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ். 1853 டிசம்பர் 31 இரவு, இகுவானோடான் சிலை அச்சின் வயிற்றுக்குள்ளேயே மேஜை போட்டு அறிஞர்களுக்கு விருந்து வைத்தார் என்றால் பாருங்கள்! அந்தச் சிலைகளின் சிறிய மாதிரிகளும் விற்பனைக்கு வந்தன. சிலைகள் இன்றும் தென் லண்டனில் நிற்கின்றன.

அதன்பிறகு பிளாஸ்டிக் யுகம். 1950களில் அமெரிக்காவின் லூயி மார்க்ஸ் கம்பெனி டைனோசர் பொம்மைகளைப் பை பையாக விற்றது. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில், பச்சை டைனோசரைச் சின்னமாகக் கொண்ட சின்க்ளேர் எண்ணெய்க் கம்பெனி ஓர் இயந்திரம் வைத்தது. காசு போட்டால் கண்ணெதிரே சுடச்சுட ஒரு டைனோசரை வார்த்துத் தரும்! 1974-ல் பிரிட்டனின் இன்விக்டா கம்பெனி, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு சேர்ந்து அளவு பிசகாத மாதிரிகளைக் கொண்டுவந்தது. பெரும்பாலானவை நிஜ உருவத்தில் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. 2001 வாக்கில் ஜப்பானில் சாக்லேட் பெட்டிக்குள் கட்டைவிரல் அளவு டைனோசர் வைத்து விற்றார்கள். சாக்லேட்டை வாங்கியதில் பெரியவர்களும் ஏராளம்.

ஹாங்காங்கில் செய்த மலிவான 'ஆதிகால விலங்கு' பொம்மைகளும் ஒரு சாதனை செய்திருக்கின்றன. பை நிறைய விற்ற அவற்றில் பாதி எந்த உயிரினத்திலும் சேராத விசித்திர உருவங்கள். அவற்றைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், 1970களில் தன் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்குச் சில அரக்கர்களை உருவாக்கினார். மட்டமான பொம்மை என்று எதையும் ஒதுக்கிவிட முடியாது போலிருக்கிறது!

அலமாரியில் ஓர் அறிவியல் வகுப்பு

டைனோசர் பொம்மைகளைக் காலவாரியாக அடுக்கினால் அது ஓர் அறிவியல் பாடமாகவே ஆகிவிடும். வீட்டில் ஐந்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் முயன்று பாருங்கள்.

பழைய டி–ரெக்ஸ் பொம்மை நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் இழுக்கும். அந்தக் காலத்தில் விஞ்ஞானிகள் அப்படித்தான் நினைத்தார்கள். 1970களுக்குப் பிறகு எண்ணம் மாறியது. உடம்பு தரைக்கு இணையாக, வால் பின்னால் நீட்டி, தராசு மாதிரி சமன் செய்து நடந்தது என்பது புரிந்தது. நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருந்த டி–ரெக்ஸ் எலும்புக்கூட்டையே பிரித்துப் புதிய நிலையில் நிறுத்தி 1995-ல் காட்சிக்கு வைத்தார்கள். 1996-ல் சீனாவில் மெல்லிய இறகு போர்த்திய டைனோசர் கிடைத்தது. அப்புறம் பொம்மைகளுக்கும் இறகு முளைத்தது!

பொம்மைப் பையில் முதுகில் பாய்மரம் விரித்த மாதிரி ஒன்று இருக்குமே, அது டைமெட்ரோடான். அது டைனோசரே கிடையாது. டைனோசர்கள் தோன்றுவதற்குப் பல கோடி வருடம் முன்பே வாழ்ந்து மறைந்தது. பல்லி வகைகளைவிட நம்மைப் போன்ற பாலூட்டிகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். பறக்கும் டெரோசாரும் டைனோசர் வகையில் சேராது. பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். மறுநாள் வகுப்பில் டீச்சருக்கே பாடம் எடுப்பார்கள்.

நம் நாட்டு டைனோசர்களையும் அறிமுகப்படுத்தலாம். குஜராத்தில் கிடைத்து 2003-ல் பெயரிடப்பட்ட ராஜாசாரஸ் ஒன்று. ரவீந்திரநாத் தாகூர் பெயரைத் தாங்கிய பாராபாசாரஸ் இன்னொன்று. கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அதன் எலும்புக்கூட்டைப் பார்க்கலாம். நம் அரியலூர்ப் பக்கம் கல்லமேடு என்ற ஊரில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் 'பிருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிரம்மாண்டமான உடம்பு என்று பொருள். பாவம், அந்த எலும்புகள் பாதுகாக்க முடியாமல் சிதைந்தே போய்விட்டன. நம் மண்ணின் ராட்சதனுக்கு மிச்சம் பழைய படங்களும் குறிப்புகளும்தான்.

ஆசை எப்போது அளவு மீறுகிறது?

'சரி, எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாமா?' என்று சந்தோஷப்பட வேண்டாம். சேகரிப்பு வேறு, குவிப்பு வேறு. எதையும் விட முடியாமல் வீடெங்கும் குவிப்பதை ஒரு தனி மனநலக் கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வகைப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றிருக்கிறது.

வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சேகரிப்பவர் அடுக்கி வைப்பார், துடைப்பார், நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவார், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வார். குவிப்பவருக்கு எங்கே என்ன இருக்கிறதென்றே தெரியாது. யாராவது வீட்டுக்கு வந்தால் கூச்சம். ஒரு பொருளை அகற்றச் சொன்னாலே பதற்றம்.

கீழே உள்ள கேள்விகளை உங்களையே கேட்டுப் பாருங்கள்:

• கட்டில், சமையல்மேடை, நடைபாதை இவற்றைப் பொருட்கள் அடைத்துக்கொண்டு புழங்க முடியாமல் செய்கின்றனவா?

• பள்ளிக் கட்டணம், மளிகை, மருந்துக்கான பணம் பொம்மைக்குப் போகிறதா? கடன் வாங்கி வாங்குகிறீர்களா?

• விலையை வீட்டில் குறைத்துச் சொல்கிறீர்களா? ஒளித்து வைக்கிறீர்களா?

• வாங்கிய நிமிஷம் மட்டும் சந்தோஷம், வீட்டுக்கு வந்ததும் அடுத்ததைத் தேடும் பரபரப்பு... இப்படி இருக்கிறதா?

• பழைய நினைவு வந்தால் தெம்பு வருகிறதா, இல்லை வாரக்கணக்கில் அழுகையும் தூக்கமின்மையும்தானா?

முதல் நான்கில் இரண்டு 'ஆமாம்' வந்தால் வீட்டில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள். கடைசிக் கேள்வியில் அழுகைதான் பதில் என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கமே வேண்டாம். அது பொம்மைப் பிரச்னை இல்லை, துக்கமோ மனச்சோர்வோ இருக்கலாம். சிகிச்சை உண்டு.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வேண்டுகோள். அவர் ஊரில் இல்லாதபோது மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். போகியன்று பழசோடு பழசாகக் கொளுத்துவது அதைவிட மோசம். பி.வி.சி. பிளாஸ்டிக் எரியும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு, டயாக்ஸின் போன்ற நச்சுகள் வரும். ஆஸ்துமா உள்ள வீட்டில் அது பெரிய ஆபத்து.

கைக்குழந்தை இருக்கும் வீடா? நில்லுங்கள்!

இனி அந்தப் பெண்மணியின் இரண்டாவது கேள்வி. இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை.

என் அக்காவின் பேரனுக்கு அப்போது பதினாலு மாதம். அவனுடைய தாய்மாமன் சின்ன வயதில் விளையாடிய டைனோசர் ஒன்றை பத்திரமாக எடுத்து வைத்திருந்து, ஆசையாய்க் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் குழந்தை திடீரென்று கடுமையாய் இருமினான். முகம் சிவந்துவிட்டது. முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. எல்லோரும் மறந்தும் போனார்கள்.

அதன்பின் மூன்று வாரம் இருமல், இளைப்பு. சளி மருந்து, ஆவி, இன்னொரு மருந்து என்று ஓடியது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் கேட்டார்: "இந்த இருமல் ஆரம்பிச்ச அன்னிக்கு ஏதாவது புரையேறிச்சா?" மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கருவி செலுத்தி எடுத்தது என்ன தெரியுமா? டைனோசர் பொம்மையின் வால் நுனி! பழைய பிளாஸ்டிக் உளுத்துப்போய் ஒடிந்திருக்கிறது. குழந்தை இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த மூன்று வாரத்தை நினைத்தால் என் அக்காவுக்கு இன்றும் கை நடுங்கும்.

இதில் இரண்டு பாடங்கள். பிளாஸ்டிக் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. திடீர்ப் புரையேறலுக்குப் பிறகு இருமலோ இளைப்போ நீடித்தால், அந்தச் சம்பவத்தை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எது ஆபத்து என்று அளக்க ஓர் எளிய வழி உண்டு. பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் குறுக்களவும், அதிகபட்சம் 57 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆகாது. வீட்டில் ஓர் அட்டையைச் சுமார் மூன்றேகால் செ.மீ. அகலக் குழாயாகச் சுருட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். குட்டி டைனோசர்கள் அநேகமாக எல்லாமே உள்ளே போய்விடும்! அடங்காத பொம்மையிலும் வால், கொம்பு, கால் ஒடியுமா என்று இழுத்துப் பாருங்கள்.

இன்னும் மூன்று வில்லன்கள் உண்டு. ஒன்று, கண் மினுக்கும், கத்தும் டைனோசர்களுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி. விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரண்டு, தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருகும் டைனோசர். வயிற்றுக்குள்ளும் அது பெருகிக் குடலை அடைக்கும். மூன்று, சின்னக் காந்தங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.

தொண்டையில் சிக்கினால்...

குழந்தை பலமாக இருமுகிறதா, அழுகிறதா? இருமட்டும், விடுங்கள். இருமலே சிறந்த மருத்துவர். பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். அது இன்னும் ஆழமாகப் போய்விடும்.

இருமவும் அழவும் முடியாமல் திணறி, உதடு நீலம் பூத்தால் ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் உடனே இதைச் செய்யுங்கள்:

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை: முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தாடையைத் தாங்கிப் பிடியுங்கள். இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நடு மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து முறை அழுத்துங்கள். வயிற்றை மட்டும் அழுத்தவே கூடாது.

ஒரு வயதுக்கு மேல்: முன்னால் குனியவைத்து முதுகில் ஐந்து தட்டு. பிறகு பின்னால் நின்று (அல்லது மண்டியிட்டு), தொப்புளுக்குச் சற்று மேலே கை முஷ்டியை வைத்து, மற்றக் கையால் அதைப் பிடித்து, உள்நோக்கி மேலாக ஐந்து முறை இழுங்கள்.

பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நினைவு தப்பினால் உடனே சி.பி.ஆர். ஆரம்பிக்க வேண்டும். வயிற்றில் அழுத்தி எடுத்திருந்தால், சரியான பிறகும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இந்த முறைகளை முதலுதவிப் பயிற்சியில் நேரில் ஒருமுறை கற்றுக்கொள்வது நல்லது.

பழைய பொம்மைக்கு வைத்தியம்

'நான் விளையாடினது, என் பிள்ளையும் விளையாடட்டும்' என்பது நல்ல ஆசைதான். ஆனால் 2018-ல் பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் பழைய பிளாஸ்டிக் பொம்மைகள் இருநூறைச் சோதித்தபோது, பலவற்றில் காரீயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருந்தன. மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களில்தான் அதிகம். காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே பழசு கண்ணுக்கு, வாய்க்கு அல்ல.

பிசுபிசுவென்று ஒட்டும் பழைய பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் வெளியே கசிவதால் வருவது அது. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கொதிநீர், தின்னர், பெட்ரோல் வேண்டாம். தொட்ட பிறகு கை கழுவுங்கள்.

குழந்தைக்குப் புதிதாய் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி 1 முதல் பதினாலு வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு நம் நாட்டில் அது கட்டாயம். பெட்டியில் போட்டிருக்கும் வயது வரம்பு, அறிவை அளப்பதற்கானது அல்ல. "எங்க பையன் புத்திசாலி, இது வேணாம்னு தெரியும்" என்று நினைக்காதீர்கள்.

தாத்தா பாட்டிக்கும் ஒன்று

வீட்டில் மறதி நோய் உள்ள பெரியவர் இருந்தால், அவர் கையில் ஒரு பல்லாங்குழியோ, மரப்பாச்சியோ, சொப்புச் சாமானோ கொடுத்துப் பாருங்கள். பழைய பொருட்களை வைத்துப் பேச வைப்பது ஒரு சிகிச்சை முறையாகவே பல நாடுகளில் நடக்கிறது. 2018-ல் வந்த ஒரு விரிவான மதிப்பீடு, பலன் சிறியது, எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை என்றது. நோய் குணமாகிவிடாது. ஆனால் நேற்று சாப்பிட்டது மறந்த பாட்டி, சொப்பில் சமைத்த கூட்டாஞ்சோற்றைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினால் அதுவே பெரிய லாபம் இல்லையா?

சரி, அந்த மதுரைக் குடும்பம் என்ன ஆயிற்று? டிராயரில் ஒளிந்திருந்த முப்பத்தேழும் சட்டைப் பையில் சிக்கிய ஒன்றும் இப்போது வீட்டுக் கூடத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டுப் போட்ட கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன. மாதம் ஒன்றுக்கு மேல் வாங்குவதில்லை, விலையை மறைப்பதில்லை என்று ஒப்பந்தம். நவராத்திரிக் கொலுவில் 'பார்க்' போடும்போது ஏழெட்டு டைனோசர்களுக்கு இடம் கேட்டிருக்கிறார் கணவர். "பாப்பாவுக்கு மூணு வயசு முடியட்டும். அதுவரைக்கும் கீழ்ப்படிக்கும் தரைக்கும் வராது. மேல்படில வேணா வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டாராம் மனைவி.

"அப்புறம் ஒண்ணு" என்று போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னார் அந்தப் பெண்மணி. "போன வாரம் அம்மா வீட்டுக்குப் போனப்போ பரண்மேல ஏறித் தேடினேன். என் சொப்புச் சாமான் டப்பா அப்படியே இருக்கு!"